அருகம்புல் அரங்கம்: கோல்ஃப் திடலின் அமைப்பும் சீரமைப்பும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

விளையாட்டு என்றவுடன் நம் வட சென்னை இளைஞர் நெஞ்சில் முந்தி வந்து நிற்பவை மூன்று: கால்பந்து, குத்துச்சண்டை, கேரம். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் தெருவுக்கு ஒரு கேரம் பலகை உண்டு. 2024-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை அள்ளிவந்த காசிமா நம் பகுதிப் பெண்தான் என்பதை நாம் அனைவரும் பெருமையோடு அறிவோம். ஆனால் கோல்ஃப்? அது செல்வர் ஆட்டம்; நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவரே பலர்.

கேள்வி நியாயமானதே. ஆயினும் இக்கட்டுரை கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றியது அன்று. அந்த ஆட்டம் நடைபெறும் நிலத்தைப் பற்றியது. உலகில் எந்த விளையாட்டுக்கும் இத்துணைப் பெரிய அரங்கம் இல்லை. நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் மண், மணல், நீர், புல், மரம் ஆகிய ஐந்தையும் ஓர் ஒழுங்கில் நிறுத்தி, அவ்வொழுங்கு கெட்டால் மீண்டும் நிலைநாட்டுவது தனிக் கலையாகவும் அறிவியலாகவும் வளர்ந்திருக்கிறது. தாவரவியல் பயிலும் மாணவனுக்கு அதில் கற்க வேண்டியவை பல உள. எண்ணூர்க் கரையில் வாழ்பவனுக்கோ இன்னும் அதிகம் உள. அது ஏன் என்பதை இறுதியில் காண்போம்.

ஆட்டமும் திடலும்

ஆட்டத்தின் விதி எளிது. சிறு பந்து ஒன்றை மட்டையால் அடித்து, நெடுந்தொலைவில் உள்ள ஒரு குழியில் மிகக் குறைந்த அடிகளில் விழச் செய்ய வேண்டும். குழியின் விட்டம் 4¼ அங்குலம். பந்தின் விட்டம் 1.68 அங்குலத்திற்குக் குறையலாகாது. இத்தகைய குழிகள் 18 சேர்ந்தது ஒரு முழுத் திடல். பெரும் போட்டிகள் நடக்கும் திடலின் மொத்த நீளம் ஏறத்தாழ 7,000 கஜம். அதாவது சுமார் ஆறரைக் கிலோமீட்டர்.

ஒவ்வொரு குழிக்கும் தொடக்க மேடை ஒன்று உண்டு; அது டீ. அங்கிருந்து நீண்டு செல்லும் வெட்டிய புல்வெளி ஃபேர்வே. அதன் இருமருங்கும் உள்ள உயர்ந்த புல் ரஃப். இடையிடையே தோண்டப்பட்ட மணற்பள்ளங்கள் பங்கர்கள். இறுதியில், குழியைச் சுற்றிக் கம்பளம்போல் விரிந்திருக்கும் மென்புல் பரப்பு கிரீன். தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழிக்கு எத்தனை அடிகள் எடுக்க வேண்டும் என்ற கணக்குக்குப் பார் என்று பெயர். நீளத்துக்கு ஏற்ப அது 3, 4 அல்லது 5 ஆகும். 18 குழிகளுக்கும் கூட்டினால் பெரும்பாலும் 72 அல்லது அதற்கு ஒன்றிரண்டு குறைவாக வரும்.

கிரிக்கெட் ஆடுகளம் எங்கும் ஒரே அளவு. கால்பந்துக்கும் ஏறக்குறைய அப்படியே. கோல்ஃப் திடல் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எதிரணி இல்லாத ஆட்டத்தில் நிலமே எதிரி. எனவேதான் திடலை அமைப்பவரின் பெயர் ஆட்டக்காரரின் பெயருக்கு இணையாகப் பேசப்படுகிறது.

கடல் தந்த மணல்

இவ்வாட்டம் வளர்ந்த இடம் ஸ்காட்லாந்து நாட்டுக் கடற்கரை. கடலுக்கும் கழனிக்கும் இடையே உழவுக்கு உதவாத மணல்மேட்டு நிலம் அங்கே உண்டு. அதற்கு அம்மக்கள் இட்ட பெயர் லிங்க்ஸ். மழை நீர் மணலில் விரைந்து இறங்கிவிடும்; சேறு நில்லாது. ஆடுகளும் முயல்களும் மேய்ந்து புல்லைக் குட்டையாக வைத்திருந்தன. குளிர்காற்றுக்கு ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களே நாளடைவில் பங்கர்கள் ஆயின என்பர். திடலை யாரும் அமைக்கவில்லை. காற்றும் கடலும் ஆடும் சேர்ந்து அமைத்தன. பின்வந்த அமைப்பாளர்கள் அந்த இயற்கையைத்தான் இன்றுவரை பார்த்து எழுதுகின்றனர்.

அந்நாட்டின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழந்திடலில் முதலில் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் ஆடப்பட்டன. 1764-இல் அது 18 ஆயிற்று. உலகமும் அதையே பின்பற்றியது. இந்தத் திடலின் வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1797-இல் கடனில் மூழ்கிய நகர மன்றம் அந்நிலத்தைக் கைவிட, அது முயல் வளர்க்கும் வணிகர் கைக்குப் போயிற்று. ஊரார் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். 1821-இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அதை வாங்கி ஆட்டத்துக்கென மீட்டார். 1894-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே நகரமே அதை உடைமையாக்கிக்கொண்டது. இன்றும் அது பொதுச்சொத்து. பெரும் போட்டி நாட்கள் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஆட்டம் இல்லை; ஊர் மக்கள் குழந்தை குட்டிகளோடு உலாவலாம். உலகின் தலைசிறந்த திடல் எந்தத் தனியார் மதிலுக்குள்ளும் இல்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அமைப்பின் நுட்பம்

திடல் அமைப்பில் இரு கொள்கைகள் உள. தவறு செய்தவனைத் தண்டிப்பது ஒன்று; தேர்ந்தெடுக்கும் உரிமையை ஆடுபவனுக்கே கொடுப்பது மற்றொன்று.

இரண்டாவதை நம் கேரம் ஆட்டத்தைக் கொண்டு எளிதில் விளக்கலாம். பலகையில் சிவப்புக் காய் வாட்டமாக நிற்கிறது. அடித்தால் புள்ளி மிகுதி. ஆனால் அதைத் தொடர்ந்து இன்னொரு காயையும் போட்டாக வேண்டும், இல்லையேல் சிவப்பு மீண்டும் நடுவுக்குப் போய்விடும். அடிப்பதா, காத்திருப்பதா? முடிவு ஆடுபவனுடையது. நல்ல கோல்ஃப் திடலும் இதைத்தான் கேட்கிறது. ஃபேர்வேயின் வலப்பக்கம் பங்கர் ஒன்று இருக்கும். அதை ஒட்டித் துணிந்து அடித்தவனுக்கு அடுத்த அடியில் கிரீன் நேராகத் திறந்து தெரியும். அஞ்சி இடப்பக்கம் ஒதுங்கியவனுக்குப் பந்து பத்திரமாக இருக்கும். ஆனால் அடுத்த அடி கோணலாகி, இன்னொரு பங்கரைத் தாண்ட வேண்டிவரும். தொடக்கக்காரனும் ஆடி முடிக்கலாம், வல்லவனும் திணறலாம். இதுவே சிறந்த அமைப்பின் இலக்கணம்.

இக்கொள்கையை எழுத்தில் வடித்தோருள் அலிஸ்டர் மெக்கென்சி முதன்மையானவர். இவர் மருத்துவர். போயர் போரில் பணியாற்றியபோது, வீரர்கள் பதுங்குகுழிகளை இயற்கை நிலம்போல் மறைத்த விதத்தைக் கண்டு, அதே நுட்பத்தைத் திடல் அமைப்பில் புகுத்தினார். மனிதன் செய்தது எது, இயற்கை செய்தது எது என்று பிரித்தறிய முடியாதிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆஸ்திரேலியாவின் ராயல் மெல்போர்ன் மேற்குத் திடலும் அமெரிக்காவின் அகஸ்டா திடலும் அவர் கைவண்ணத்தில் உருவானவை.

இந்திய மண்ணில்

பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே தோன்றி இன்றளவும் நிலைத்திருக்கும் கோல்ஃப் சங்கங்களுள் மூத்தது நம் நாட்டில்தான் உள்ளது. அது 1829-இல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் சங்கம். இலங்கையின் ராயல் கொழும்புச் சங்கம் 1879-இல் தோன்றியது. அத்திடலின் ஊடே இருப்புப்பாதை ஓடுகிறது! தமிழ்நாட்டில் கொடைக்கானலிலும் உதகையிலும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திடல்கள் எழுந்தன. உதகைத் திடல் வென்லாக் டவுன்ஸ் என்னும் புல்மேட்டில், கடல் மட்டத்துக்கு மேல் ஏழாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் உள்ளது. அங்கே ரஃபாக விளங்கும் கார்ஸ் என்னும் மஞ்சள் பூ முட்புதர் நம் நாட்டுச் செடி அன்று, ஐரோப்பியர் கொணர்ந்தது. இன்று அது நீலகிரியின் சொந்தப் புல்வெளியை விழுங்கும் களையாகிவிட்டது என்பதைத் தாவரவியலார் கவலையோடு குறிப்பிடுகின்றனர்.

வங்கத்து நிலம் தட்டையானது, மேடு இல்லை. எனவே கல்கத்தாத் திடலில் குளங்களே எதிரியாக அமைந்தன. கடற்கரை மணல் இல்லாத இடத்தில் ஊர்க்குளத்தைக் கொண்டே ஆட்டத்துக்குச் சுவை கூட்டினர். நிலம் எதைத் தருகிறதோ அதைக் கொண்டு அமைப்பதே சிறப்பு என்பதற்கு இது சான்று.

போட்டித் திடல் என்ற வகையில் வரலாறு மிக்கது டில்லி கோல்ஃப் சங்கத் திடல். புதுடில்லி நகரம் எழுந்த காலத்தில், 1930-களின் தொடக்கத்தில், முகலாயர் காலத்துக் கல்லறைகளும் முட்புதர்களும் நிறைந்த நிலத்தில் அமைக்கப்பட்டது. லால் பங்களா என்னும் செந்நிறக் கல்மண்டபம் இன்றும் திடலுக்குள் நிற்கிறது, மயில்கள் உலவுகின்றன. 1964-இல் இந்திய ஓப்பன் போட்டி முதன்முதல் நடந்ததும் இங்கேதான். வென்றவர் ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன்; பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்றவர். அவரே 1976-77-இல் இத்திடலை மறுபடி வடிவமைத்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயருடைய நிறுவனம் மீண்டும் அதைத் திருத்தி அமைத்தது.

டில்லித் திடலின் இயல்பு அதன் குறுகிய பாதை. ஃபேர்வேயின் இருபுறமும் புதர் சுவர்போல் நிற்கும். பந்து புகுந்தால் மீளாது. 2025 அக்டோபரில் அங்கே உலகப் புகழ் வீரர்கள் கலந்துகொண்ட பெரும் போட்டி நடந்தது; இங்கிலாந்தின் டாமி ஃபிளீட்வுட் வென்றார். அப்போது முன்னணி வீரர் பலரும் டிரைவர் என்னும் நெடுந்தூர மட்டையை எடுக்கவே தயங்கினர். 300 கஜத்துக்கு மேல் அடிக்கும் ஆற்றலுக்கு, புதரையும் குறுகலையும் கொண்டே அணை போட்டிருக்கிறது அந்தப் பழந்திடல். நீளத்தைக் கூட்டிக்கொண்டே போகும் இன்றைய வழக்குக்கு அது ஒரு மறுமொழி.

இத்திடல்களிலிருந்து எழுந்த இருவரை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1991-இல் இந்திய ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டில்லித் திடலில் பிறர் பையைச் சுமக்கும் கேடியாக இருந்தவர். 2016-இல் அதே டில்லித் திடலிலும், மறு ஆண்டு குர்கானிலும் இந்திய ஓப்பனை வென்ற எஸ்.எஸ்.பி. சௌராசியா, கல்கத்தாத் திடலில் புல் பராமரித்தவரின் மகன். தந்தை வளர்த்த புல்லில் மகன் ஆடக் கற்றான். கல்லூரி வாயிலை முதன்முதல் மிதித்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இந்தச் செய்தி வெறும் விளையாட்டுச் செய்தியாகப் படவில்லை.

புல்லும் மண்ணும்

என் தாய்மாமன் நகரின் தென்பகுதியில் உள்ள ஒரு திடலில் புல் வெட்டும் பணியில் பல ஆண்டுகளாக உள்ளவர். விடுமுறையில் அவரோடு இரு நாள் சென்று கிரீனை மண்டியிட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்தேன். கணுவுக்குக் கணு வேர். தரையோடு ஓடும் தண்டு. தரைக்குள் ஓடும் தண்டு. ஆம், நம் அருகம்புல்தான்! பிள்ளையார் சதுர்த்திக்கு நாம் தெருவோரத்தில் பறிக்கும் அதே சைனோடான் டாக்டிலான். மேலைநாட்டார் அதைப் பெர்முடா புல் என்று அழைக்கின்றனர். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று நம் பெரியோர் வாழ்த்துவது தாவரவியல் உண்மை என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

நாட்டு அருகு கிரீனுக்குச் சற்று முரடு. எனவே அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆய்வு நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்பவர் அதை ஆப்பிரிக்க அருகுடன் கலந்து புதிய வகைகளை உருவாக்கினார். 1956-இல் டிஃப்கிரீன் வந்தது; 1965-இல் டிஃப்ட்வார்ஃப் வந்தது. நாட்டு அருகில் 36 குரோமோசோம்கள். ஆப்பிரிக்க அருகில் 18. கலப்பில் பிறந்ததில் 27. ஒற்றைப்படை என்பதால் இணை சேர முடியாது, விதை உண்டாகாது. எனவே தண்டை நறுக்கித்தான் நட வேண்டும். வகுப்பில் நாம் படிக்கும் மும்மடியம் இங்கே காலடியில் கிடக்கிறது.

இப்புல் கிரீனில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டப்படுகிறது. இலையே இல்லாத அளவுக்கு வெட்டினால் உணவு எப்படிச் செய்யும்? முழு வெயில் இருந்தால் மட்டுமே செய்யும். "மரநிழல் மனுசனுக்குச் சொகம், புல்லுக்கு நோய்" என்றார் மாமன். அருகு வெப்பநாட்டு ஒளிச்சேர்க்கை முறையைக் கொண்டது. வெயிலில் செழிக்கும், நிழலில் மெலியும். பாடநூல் ஒரு பக்கத்தில் சொல்வதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

புல்லுக்கு அடியில் இருப்பது அதைவிட வியப்பு. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் வெளியிட்ட முறைப்படி, கிரீனின் மேலே 12 அங்குலம் மணற்கலவை. அதன் கீழே 4 அங்குலம் சரளைக்கல். அதற்கும் கீழே வடிகால் குழாய்கள். மணலின் நுண்துளைகள் நீரைப் பற்றி நிறுத்தும். சரளையின் பெரிய இடைவெளிகளுக்கு அந்த ஈர்ப்பு இல்லை. ஆகவே நீர் சரளையின் தலைமாட்டில் வந்து நின்றுவிடும். வேருக்கு ஈரம் கிட்டும். பெருமழையில் மணல் தாங்க முடியாத அளவுக்கு நீர் சேர்ந்தவுடன் மிகுதி சரளையில் இறங்கி ஓடிவிடும். ஈரப் பஞ்சைச் சல்லடைமேல் வைத்துப் பாருங்கள். ஓரளவு நீர் சொட்டி நின்றுவிடும். பஞ்சின் அடிப்பாகம் நனைந்தே இருக்கும். அதே தத்துவம். வறட்சியில் வங்கி, வெள்ளத்தில் வடிகால்!

திடலும் மூப்படையும்

கோயில் கோபுரம் கல்லால் ஆனது. ஆயினும் குடமுழுக்குத் தேவைப்படுகிறது. புல்லால் ஆன திடல் மட்டும் மாறாது நிற்குமா?

முதலாவது, கிரீன் சுருங்குகிறது. வெட்டுபவர் ஓரத்தைக் கெடுத்துவிடாதிருக்க ஒவ்வொரு முறையும் சற்று உள்ளே தள்ளியே பொறியைத் திருப்புவார். ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் சுருங்குவதாகக் கொள்வோம். 12 மீட்டர் ஆரம் உள்ள வட்டம் 40 ஆண்டில் 10 மீட்டர் ஆரமாகும். பரப்பைக் கணக்கிட்டால் 452 சதுர மீட்டர் 314 ஆகிவிடும். பத்தில் மூன்று பங்கு போயிற்று! எவரும் திருடவில்லை, எவரும் கவனிக்கவும் இல்லை.

இரண்டாவது, பங்கர் உருமாறுகிறது. பந்தோடு தெறிக்கும் மணல் கிரீன் ஓரத்தில் படிந்து படிந்து கரை உயர்கிறது, விளிம்பு சரிகிறது, மழை மண்ணை உள்ளே கொண்டுவருகிறது. மூன்றாவது, மரம் வளர்கிறது. அழகுக்கென நட்ட கன்று ஐம்பது ஆண்டில் கிரீனின் வெயிலையும் காற்றையும் மறைக்கிறது. நான்காவது, மட்டையும் பந்தும் மாறுகின்றன. மரத்தண்டு போய் எஃகுத்தண்டு வந்தது. 200 கஜத்தில் அச்சுறுத்திய பங்கரைப் பந்து தலைக்கு மேலே கடந்துவிடுகிறது.

இவற்றைச் சரிசெய்யும் பணியில் மூன்று வகை உண்டு. தேய்ந்ததை மாற்றிப் புதுப்பிப்பது ஒன்று. புதிய ஆளைக் கொண்டு புதிதாகவே வடிவமைப்பது மற்றொன்று. டில்லியில் நடந்தது இவ்வகை. முதல் அமைப்பாளரின் எண்ணம் எதுவோ அதைத் தேடிக் கண்டு மீட்பது மூன்றாவது. இதுவே சீரமைப்பு, மூன்றிலும் கடினமானது.

தேடி மீட்ட வரலாறு

சீரமைப்புக்குச் சிறந்த எடுத்துக்காட்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் திடல். டொனால்டு ராஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1907-இல் அமைத்து, 1948-இல் இறக்கும்வரை செதுக்கிக்கொண்டே இருந்த திடல் அது. 1935 வரை அதன் கிரீன்கள்கூட மணலால் ஆனவையே. ராஸ் மறைந்த பின், பச்சை நிறமே அழகு என்ற எண்ணம் பரவி, மணலும் கம்பிப்புல்லும் நிறைந்த ஓரங்களில் எல்லாம் நீர் பாய்ச்சிப் புல் வளர்த்தனர். திடல் பசுமையாயிற்று, ஆனால் அது ராஸின் திடலாக இல்லை.

2010-இல் பில் கூர், பென் கிரென்ஷா இருவரும் அதை மீட்கும் பணியை ஏற்றனர். 1943-இல் விமானத்திலிருந்து எடுத்த படங்கள் அவர்களுக்கு வழிகாட்டின. மண்ணுக்குள் புதைந்திருந்த பழைய நீர்க்குழாய் இன்னொரு சான்றாயிற்று. அந்நாளில் ஃபேர்வேயின் நடுவே ஒற்றை வரிசையாகத்தான் குழாய் போடுவர்; எனவே குழாய் போகும் கோடே பழைய ஃபேர்வேயின் நடுக்கோடு. தொல்பொருள் ஆய்வாளர் செங்கல்லைக் கொண்டு நகரத்தைக் காண்பதுபோல், இவர்கள் குழாயைக் கொண்டு திடலைக் கண்டனர். பின்னர் சுமார் 35 ஏக்கர் புல்லை உரித்தெடுத்து மணலை வெளிக்கொணர்ந்து, கம்பிப்புல்லை நட்டனர். ஆயிரத்துக்கு மேல் இருந்த நீர்த்தெளிப்பான்களில் பாதிக்கு மேல் நீக்கப்பட்டன. நீர்ச் செலவு பெருமளவு குறைந்தது. 2014-இல் ஆடவர், மகளிர் இரு அமெரிக்க ஓப்பன் போட்டிகளும் அடுத்தடுத்த வாரங்களில் அங்கே நடந்தன. பழுப்பு நிறம் தெரிந்ததைக் கண்டு முகம் சுளித்தோரும் உண்டு. ஆனால் பசுமை என்பது நீரை இறைத்து ஊற்றுவது அன்று. அந்தந்த மண்ணுக்கு உரியதை அங்கே வாழவிடுவதே என்ற பாடத்தை அத்திடல் உலகுக்கு உணர்த்திற்று.

யாருக்காக?

இவ்வளவு அறிவும் பொருளும் சிலர் ஆடும் ஆட்டத்துக்கா என்ற கேள்வி எழத்தான் செய்யும். நம் நகரத்திலேயே அது எழுந்தது. கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் நெடுங்காலமாக ஒரு கோல்ஃப் திடல் இருந்துவந்தது. 2024 செப்டம்பரில் தமிழக அரசு பந்தயத் திடலின் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டு, வெள்ளநீர் தேங்கக் குளங்களும் மக்களுக்குப் பூங்காவும் அமைக்க முற்பட்டது. வழக்குகளும் எழுந்தன. பழைய திடல் ஒரு மரபுச் செல்வம் என்பார் ஒருபுறம். 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தைக் கண்ட நகருக்குக் குளமே செல்வம் என்பார் மறுபுறம்.

என் கருத்து இது: திடலைக் காப்பதா அழிப்பதா என்பதற்கு முன், அந்த நிலத்தில் ஊராருக்குப் பங்கு உண்டா என்று கேட்க வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தார் அப்படிக் கேட்டு, வழக்காடி வென்றனர். அதனால் திடலும் பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை உலாவும் பிழைத்தது. மதில் எழுப்பிக் காக்கப்படும் எதையும் மதிலுக்கு வெளியே நிற்பவன் காக்க முன்வரமாட்டான்.

நம் கரைக்கு ஒரு பாடம்

இனி, தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். ஸ்காட்லாந்துக்குக் கடல் மணலைக் கொடுத்தது. நம்மிடமிருந்தோ கடல் மணலை எடுத்துக்கொண்டு போகிறது. ஏன்? சோழமண்டலக் கரையில் அலைகள் ஆண்டுதோறும் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் எழுந்தபோது அந்த ஓட்டம் தடைப்பட்டது. தடைப்பட்ட மணல் தெற்கே குவிந்து அகன்ற மெரினா ஆயிற்று. வரவேண்டிய மணல் வராததால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என வடக்கே கரை அரிக்கப்பட்டது. எங்கள் வீட்டருகே என் பாட்டி வலை உலர்த்திய மணல்வெளி இருந்த இடத்தில் இன்று கருங்கல் குவியல்தான் உள்ளது. துறைமுகம்தான் என் தந்தைக்குச் சுமைப் பணி தந்து என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. அதே துறைமுகம்தான் அந்த மணலையும் தடுத்தது. இரண்டும் உண்மை.

கோல்ஃப் பிறந்த நாட்டிலும் கடல் அரிப்பு உண்டு. மான்ட்ரோஸ் என்னும் பழம்பெருந் திடலைக் கடல் கடித்துத் தின்றுவருகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் அருகே 2010-ஆம் ஆண்டுப் புயலில் உடைந்த மணல்மேட்டை, மணலைக் கொணர்ந்து நிரப்பி, மணல் பிடிக்கும் புல்லை நட்டு மீட்டுள்ளனர். நம் கரைக்கும் அத்தகைய செடிகள் உண்டு. ஊதாப் பூப் பூக்கும் அடம்பங்கொடி ஒன்று. முள்ளுருண்டையாகக் காற்றில் உருளும் இராவணன் மீசை மற்றொன்று. இரண்டும் கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைக் கட்டிப் பிடிப்பவை. அருகம்புல்லின் அதே உத்தி. கற்சுவரோ தன் இடத்தை மட்டும் காத்து, அரிப்பை அடுத்த குப்பத்துக்குத் தள்ளிவிடுகிறது.

எண்ணூர்க் கழிமுகத்தின் கதையும் நாம் அறிந்ததே. சாம்பல் படிந்தது; 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் பரவியது. இதை மீட்க வேண்டுமானால் பைன்ஹர்ஸ்ட் காட்டிய வழியே வழி. பழைய வரைபடம் எங்கே? பழைய வானப்படம் எங்கே? எந்த ஆழத்தில் பழைய மண் உள்ளது? எந்தச் செடி எங்கே நின்றது? நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவும் ஒரு வரைபடமே. மீன்பாடு எங்கே, இறால் எங்கே, கண்டல் மரம் எங்கே என்று அவர்கள் கைகாட்டுவதைக் குறித்துவைப்பது தாவரவியல் மாணவர்க்கு முடியாத செயல் அன்று.

முடிவாக

ஓர் ஆட்டத்துக்காக மனிதன் மண்ணை அடுக்கடுக்காக ஆராய்ந்தான்; புல்லின் குரோமோசோமை எண்ணினான்; எழுபது ஆண்டுக்கு முந்தைய படத்தைத் தேடி எடுத்து, மறைந்துபோன மணலை மீட்டான். ஆட்டத்துக்கே இத்துணை முயற்சி செய்யலாம் எனில், ஆயிரக்கணக்கானோர் வாழ்க்கை தங்கியுள்ள ஒரு கரைக்கு எத்துணை முயற்சி செய்யலாம்!

நண்பர்களே, அடுத்த முறை கல்லூரி மைதானத்தில் அமர்ந்து பேசும்போது, கை தானாகக் கிள்ளும் அந்த அருகம்புல்லை ஒரு கணம் உற்றுப் பாருங்கள். மிதித்தாலும் தழைக்கும், வெட்டினாலும் படரும். அதன் வலிமை உயரத்தில் இல்லை, வேரில் உள்ளது. முதல் தலைமுறையாகக் கல்வி பெறும் நமக்கு அதைவிடச் சிறந்த ஆசான் யார்? கற்ற கல்வியைக் கொண்டு நம் கரையில் வேரூன்றுவோம். இழந்த மணலை மீட்போம்.